மாடி ஏறாமல் சொன்ன விலை

"மூணு கிலோவாட் சோலார் போட எவ்வளவுங்க ஆகும்?" எங்கள் தொழிலில் இருப்பவர்களின் போனில் நாள் முழுக்க வரும் கேள்வி இது. சிலர் அந்தப் போனிலேயே விலையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். சிலர் "மாடியைப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்பார்கள். கேட்டவருக்கு முன்னவர் சுறுசுறுப்பானவராகவும் பின்னவர் இழுத்தடிப்பவராகவும் தெரிவது இயல்புதான். ஆனால் தோளளவு எடுக்காமல் சட்டை வெட்டுகிற தையல்காரரிடம் நாம் துணியைக் கொடுப்பதில்லை. இரண்டு லட்ச ரூபாய் வேலையை மட்டும் அளவெடுக்காதவர் கையில் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறோம். ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கப் பலரும் பல யோசனை சொல்வார்கள். நான் பெரிதாக மதிப்பது ஒன்றைத்தான்: விலை சொல்வதற்கு முன் அவர் எதையெல்லாம் அளந்தார்? பேனல் எந்தக் கம்பெனி, வாரண்டி எத்தனை வருஷம், தள்ளுபடி எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம். பேனலும் இன்வர்ட்டரும் தொழிற்சாலையில் சோதனை முடிந்து வருகிற சாமான்கள். மாடியில் நடக்கிற வேலையில் ஒவ்வொரு போல்ட்டையும் வயரையும் அப்படிச் சோதிக்க ஆளில்லை; பெரும்பாலும் செய்கிறவரே செய்து, அவரே சரி என்று சொல்லிவிட்டு இறங்குகிறார்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த பிரதமரின் சூர்ய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரையைக் குறிவைத்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதனுள் இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். அரசு ஏற்றுக்கொண்ட பட்டியலிலும் இருக்க வேண்டும். இதனால் நடந்தது என்னவென்றால், சாமானில் இருந்த ஏற்றத்தாழ்வு பெருமளவு குறைந்துவிட்டது. ஒரே ஊரில் ஐந்து பேர் கொடுக்கும் கொட்டேஷனை அருகருகே வைத்தால், பேனலும் இன்வர்ட்டரும் ஏறக்குறைய ஒரே நாலைந்து பெயர்களுக்குள் சுற்றிவரும். இன்னொரு மாற்றமும் அதே ஆண்டில் வந்தது. 10 கிலோவாட் வரைக்கும் மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று விதியைத் திருத்தினார்கள். மக்களுக்கு அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் வேலை தொடங்கும் முன் வேறொருவர் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒப்பந்தக்காரர் ஒருவரே நிற்கிறார்.

அவர் மாடிக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நிழல். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மாதத்து நிழல் என்பதுதான் கேள்வி. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு, பத்தடி உயர மாடிப்படி அறையின் நிழல் வடமேற்குப் பக்கமாக 15 அடிக்கு மேல் நீண்டு கிடக்கும். சித்திரை மத்தியானத்தில் மாடிக்கு வந்து "நிழலே இல்லைங்க" என்று சொல்லிப் போகிறவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு நிழல் இல்லை, அவ்வளவுதான். அதேபோல் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். வடக்கு வீட்டுக்காரர் எழுப்பிய மூன்றாம் மாடியால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது, ஆனி மாதக் காலையிலும் மாலையிலும் அது தன் நிழலைக் கொண்டுவந்து போடும். டெல்லிப் பக்கத்து வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே வைப்பவர்களுக்கு இந்த வடக்கு நிழல் புரியவே புரியாது.

சின்ன நிழல்தானே என்று விடவும் முடியாது. பேனலுக்குள் செல்கள் சங்கிலிபோல் கோத்தவை. சாதாரண பேனலில் மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கும். தண்ணீர்த் தொட்டியின் குழாய் ஒன்று ஒரு வரிசை செல்லின் மேல் நிழல் போட்டால், அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மின்சாரம் சுற்றிக்கொண்டு போகும். மறைந்தது உள்ளங்கை அகலம், இழந்தது பேனலில் மூன்றிலொரு பங்காகக்கூட இருக்கலாம். ஆகவே தொட்டி எங்கே, டிஷ் ஆன்டெனா எங்கே, பக்கத்துத் தென்னை இன்னும் எவ்வளவு வளரும் என்று கேட்கிறவர் வெட்டிப்பேச்சு பேசவில்லை. டேப்பை எடுத்து மாடிப்படி அறையின் உயரத்தைப் பிடிக்கிறாரா, திசைகாட்டியைப் பார்க்கிறாரா, போனில் உள்ள சூரியப் பாதை செயலியை நாலு மூலையிலும் நின்று பிடித்துப் பார்க்கிறாரா என்று கவனித்தால் போதும். இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை.

இரண்டாவது காற்று. இதைப் பேசாத கொட்டேஷன்களே அதிகம். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) சென்னைக்கு அடிப்படைக் காற்றுவேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், இந்த வித்தியாசம் சென்னையில் ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தமாகிறது. 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். இன்றைய 550 வாட் பேனல் சுமார் 2.6 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு பேனலின் மேல் 390 கிலோ அளவுக்குத் தள்ளும் விசை வருகிறது. சாய்வு, கட்டட உயரம், கைப்பிடிச் சுவரின் மறைப்பு என்று குணகங்களைச் சேர்க்கும்போது இது குறையலாம், கூடவும் செய்யலாம். ஆனால் பேனலின் எடை 28 கிலோதான். ஒரு கன அடி கான்கிரீட் கட்டை சுமார் 68 கிலோ. காலுக்கு ஒன்றாக நாலு கட்டையை வார்த்து வைத்துவிட்டு "எங்கயும் போகாதுங்க" என்று சொல்பவர் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கலாம். 2011 டிசம்பரில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடித்த தானே, 2016 டிசம்பரில் சென்னையில் வர்தா, 2018 நவம்பரில் டெல்டாவில் கஜா என்று கடற்கரை மாவட்டங்கள் பார்த்த காற்று இருக்கிறது. பேனலுக்கு ஆயுள் 25 வருஷம் என்றால், அதற்குள் இன்னும் சில பெயர்கள் வரும்.

இங்கே வீட்டுக்காரர்களையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். துணி காயப்போட வேண்டும், வடாம் பிழிய வேண்டும், மாடியை அடைக்கக் கூடாது என்று எட்டடி, பத்தடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் கால் உயர உயர அடியில் விழும் நெம்பு விசையும் கூடுகிறது. தாழ்வான ஸ்ட்ரக்சருக்குப் போட்ட அதே பைப், அதே போல்ட் போதாது. தளத்தைத் துளைத்து ஆங்கர் போல்ட் இறக்கினால் தட்டோடு உடைந்து ஐப்பசி மழையில் கீழே ஒழுகும். துளைக்காமல் எடையை வைத்தால் தளம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வழியுண்டு. தூண் வரும் இடமாகப் பார்த்துக் கால் வைப்பது, துளையைச் சுற்றிக் கெமிக்கல் அடைத்து மேலே பீடம் கட்டி ஓரத்தை வளைத்துப் பூசுவது என்று செய்யத் தெரிந்தவர் செய்வார். அவர் மாடியில் நின்று, அடியில் பீம் எங்கே ஓடுகிறது என்று கேட்பார். கேட்காதவர் போல்ட்டை எங்கே இறக்குவார் என்று அவருக்கே தெரியாது.

மூன்றாவதாக, கண்ணுக்கே படாத ஒன்று: வயரின் முனை. ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் வெயில் நேரத்தில் சுமார் 300 வோல்ட் டி.சி. மின்சாரம் நிற்கும். மெயினை அணைத்தாலும் பேனலிலிருந்து வரும் வயரில் வெயில் உள்ளவரை அது இருக்கும். வீட்டு ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது, பொறி பிடித்தால் பிடித்ததுதான். பேனல் வயர்களை இணைக்கும் விரல் நீளக் கன்னெக்டருக்குள் ஒரு சின்ன உலோக ஊசி இருக்கிறது. வயரை அதில் செருகி, அதற்கென்றே உள்ள கிரிம்ப்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினாலும் அன்றைக்கு வேலை செய்யும், இன்வர்ட்டரில் எண் ஓடும், போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அந்த இணைப்பில் கால் ஓம் கூட வேண்டாம், பத்திலொரு ஓம் தடை நின்றால் போதும். 13 ஆம்பியர் ஓடும்போது அங்கே 17 வாட் சூடு உண்டாகும். ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு சூட்டை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, மாடி வெயிலில் வருஷக்கணக்கில் வைத்திருப்பது போல. வேறு வேறு கம்பெனிக் கன்னெக்டர்களை, பொருந்துகிறதே என்று ஒன்றோடொன்று மாட்டுவதிலும் இதே ஆபத்துதான். ஆகவே ஒப்பந்தக்காரரிடம் "கிரிம்ப்பிங் டூல் இருக்கா, காட்டுங்க" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. தொழில் தெரிந்தவர் ஆசையாக எடுத்துக் காட்டுவார்.

விலைக்கு வருவோம். "எல்லாரும் அதே பேனல்தான் போடுறாங்க, ஒருத்தர் முப்பதாயிரம் கம்மியாச் சொல்றார், நான் ஏன் கூடக் கொடுக்கணும்?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கிறது. பேனலும் இன்வர்ட்டரும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், குறைத்த முப்பதாயிரம் வேறு எங்கிருந்தோதான் வர வேண்டும். இரும்பின் கனத்திலிருந்து வரலாம். 80 மைக்ரான் துத்தநாகம் ஏற வேண்டிய ஹாட் டிப் முலாமுக்குப் பதில், மெல்லிய முலாம் பூசிய பைப்பை வெட்டி, மாடியிலேயே வெல்டிங் வைத்து, வெந்த இடத்தில் சில்வர் பெயின்ட் அடிப்பதிலிருந்து வரலாம். டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டிய மூன்று எர்த்தை ஒரே குழியில் முடிப்பதிலிருந்து வரலாம். இடி, மின்னல் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சர்ஜ் ப்ரொடெக்டரை விட்டுவிடுவதிலிருந்து வரலாம். இதில் எதுவும் முதல் வருஷம் தெரியாது. நேர்மையாகவே குறைந்த விலைக்குச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்: ஆபீஸ் வாடகை இல்லாமல், தானே வயர் இழுக்கும் உள்ளூர் எலக்ட்ரீஷியன்கள். அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது விலை அல்ல, கொட்டேஷனில் இரும்பின் கனம், வயரின் சதுர மில்லிமீட்டர், எர்த்தின் எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்பதே. "3 கி.வா. ஆன்-கிரிட், முழு வேலையும் சேர்த்து" என்று ஒரே வரியில் முடியும் கொட்டேஷனில் குறைத்ததையும் கண்டுபிடிக்க முடியாது, கூட்டியதையும் கண்டுபிடிக்க முடியாது.

அரசுப் பட்டியலில் இருக்கிறாரே, அது போதாதா என்பார்கள். அது வேண்டும். பட்டியலில் இல்லாதவரிடம் போட்டால் மானியம் கிடைக்காது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் ஒப்பந்தக்காரர் உரிமமும் வேண்டும். ஆனால் பதிவு கம்பெனிக்கு. கிரிம்ப் அடிப்பது பையன். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015 முதல் சூர்யமித்ரா என்ற பெயரில் 600 மணி நேரப் பயிற்சி தருகிறது, ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பலர் அதில் தேறி வருகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் குழுவில் அப்படி ஒருவராவது உண்டா என்று கேட்க வேண்டும். பெரிய கம்பெனியாகப் பார்த்துக் கொடுத்துவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். பெயர் அவர்களுடையது, லாரி அவர்களுடையது, மாடியில் ஏறுவது பெரும்பாலும் உள்ளூரில் சப்-கான்ட்ராக்ட் எடுத்தவர். அது தவறில்லை, தொழில் அப்படித்தான் நடக்கிறது. யார் வந்து வேலை செய்தாலும் ஒழுகலுக்கும் துருவுக்கும் கம்பெனியே பொறுப்பு என்று எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

மாடிக்கு ஏறும் முன்பே செய்ய வேண்டிய ஓர் அளவு உண்டு. அதை நாற்காலியில் உட்கார்ந்தே எடுக்கலாம். கடந்த ஒரு வருஷத்து ஈ.பி. கணக்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு விகிதமே மாறிவிடும். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தருமென்றால் மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல் தரும். மின்செலவு குறைவாக உள்ள சின்னக் குடும்பத்துக்கு அதைத் தலையில் கட்டுவது அநியாயம். "உங்க வீட்டுக்கு இப்ப வேண்டாங்க" என்றோ "ரெண்டே போதும்" என்றோ சொல்லத் தெரிந்தவர் அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள். அவரே இன்னும் இரண்டு உண்மைகளையும் முன்கூட்டிச் சொல்வார். ஆன்-கிரிட், அதாவது மின்வாரியக் கம்பியோடு இணைத்தது என்றால், மின்வெட்டு நேரத்தில் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. அப்புறம், சூடு ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்பது பொய்க்கணக்கு. செல்லின் சூடு 65 டிகிரிக்கு ஏறினால், சோதனைச்சாலையின் 25 டிகிரியைவிட 40 கூடுதல். டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் போய்விடும். மூணு கிலோவாட்டில் நண்பகலில் இரண்டரை காட்டுவது கோளாறு இல்லை. இதை முதலிலேயே சொல்லாதவருக்கு மே மாதம் முழுக்கப் போன் வரும்.

எங்கள் பக்கத்து வருத்தம் ஒன்றும் இருக்கிறது. மாடி ஏறி, ஒரு மணி நேரம் அளந்து, வரைபடம் போட்டுக் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டு போய் அடுத்தவரிடம் காட்டி ஐயாயிரம் குறைத்துக்கொள்கிறார்கள். பத்து வீடு அளந்தால் இரண்டு வீடு கிடைக்கும். மற்ற எட்டு வீட்டின் பெட்ரோலும் நேரமும் யார் கணக்கில்? போனில் விலை சொல்லும் பழக்கம் சோம்பலால் மட்டும் வந்ததல்ல, இதனாலும் வந்தது. அளவெடுக்கும் வேலைக்குத் தனியாக ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு, வேலை கிடைத்தால் கழித்துக்கொள்வதுதான் முறை என்பது என் கட்சி. டாக்டருக்கு மருந்து வாங்காமலே ஃபீஸ் கொடுக்கிறோம். கொடுத்தவருக்கு வரைபடத்தின் மேல் உரிமையும் வரும், கேள்வி கேட்கத் துணிச்சலும் வரும்.

வேலை முடிந்த அன்று கையில் வாங்க வேண்டியது வாரண்டி அட்டையைவிட ஒரு சோதனைத்தாள். பேனலுக்கு 25 வருஷ வாரண்டி என்பது உற்பத்திக் குறைவுக்கு. குறைந்தது பேனலால்தான் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கியவர். தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்ற பதிவே இல்லையென்றால் எதை வைத்து நிரூபிப்பது? ஒவ்வொரு பேனலின் சீரியல் எண், வரிசையின் வோல்டேஜ், மெகர் என்ற சோதனைக் கருவி வைத்துப் பார்த்த இன்சுலேஷன் அளவு, எர்த்தின் ஓம் (ஐந்துக்குள் இருக்க வேண்டும்) இவை தேதியோடு, கையெழுத்தோடு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மானியத் திட்டத்தில் ஐந்து வருஷப் பராமரிப்பும் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். மானியம் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாமல், பத்து சதவீதத்தையாவது, வாங்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டர் பொருத்தி இந்தத் தாள் கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்கலாம். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர்கள், ஒப்பந்தக்காரரிடம் அவர் மூன்று வருஷத்துக்கு முன் போட்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் போட்டது வேண்டாம். புதிதாக இருக்கும்போது எல்லாமே பளபளக்கும். போய் மேலே பேனலைப் பார்க்காதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள். வயர் தரையில் கிடக்கிறதா, சட்டத்தோடு கட்டியிருக்கிறதா. கட்டிய டை வெள்ளையா, வெயில் தாங்கும் கறுப்பா. வெள்ளை டை என்றால் தொட்டாலே முறியும். கன்னெக்டர் மழைத்தண்ணீர் தேங்கும் தளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? போல்ட்டின் தலையிலிருந்து பழுப்புக் கோடு கீழே இறங்கியிருக்கிறதா? எர்த் குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கிறதா, சிலந்தி வலை இருக்கிறதா. அப்படியே அந்த வீட்டம்மாவிடம், கடைசியாக அவர்கள் வந்தது எப்போது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.